மாமாவின் வாயில் நல்லெண்ணெய்

எங்கள் மாமாவின் கல்யாணத்தை நடத்தி வைத்தது நல்லெண்ணெய்தான் என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு என்ன தெரியும்? நான் கூடவே இருந்து பார்த்தவள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவளே நான்தான்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வந்தபோது தம்பியையும் கையோடு அழைத்து வந்துவிட்டாள். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் செம்மண்ணும் முந்திரியுமாகக் கிடந்த சின்ன ஊர் எங்களுடையது. மாமா ஊர் ஊராகப் போய் முந்திரிக்கொட்டை வாங்கி வியாபாரிகளுக்குக் கைமாற்றி விடுவார். அந்தத் தொழிலுக்குக் கையில் முதல் இல்லாவிட்டாலும் வாய் வேண்டும். மாமாவுக்கு அது ரெண்டு ஆளுக்குக் காணும் அளவுக்கு இருந்தது. அப்போது சண்டைக் காலம். ஜப்பான்காரன் எதுவரைக்கும் வந்திருக்கிறான், மண்ணெண்ணெய் என்றைக்குக் கிடைக்கும் என்பதெல்லாம் மாமா வாய் திறந்தால்தான் எங்கள் ஊருக்குத் தெரியும். எங்கள் அப்பா ஆரம்பிக்கிற பேச்சைக்கூட மாமாதான் முடித்து வைப்பார். அப்பாவும் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

அப்படிப்பட்ட வாயில் ஒரு குறை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் கதை நகராது. மாமாவின் வாய் நாறும். சும்மா இல்லை, பக்கத்தில் உட்கார முடியாது. ஈறெல்லாம் வீங்கிச் சிவந்திருக்கும். கொய்யாப் பழத்தைக் கடித்தால் பழத்தில் ரத்தம் ஒட்டும். கடைவாய்ப் பல் ஒன்று கறுத்துப்போய்க் குழி விழுந்திருந்தது. காலையில் கைக்குக் கிடைத்த செங்கல் பொடியை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்ப்பார், அதோடு சரி. பிறகு பொழுது சாயும்வரை வெற்றிலைதான்.

இது ஊருக்கே தெரியும், மாமாவுக்கு மட்டும் தெரியாது. அவர் பேச வந்தால் ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மூக்கை மூடிக்கொள்வார்கள். பெண்கள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவார்கள். முந்திரி வியாபாரிகளோ மாமா சொன்ன விலைக்குச் சட்டென்று தலையை ஆட்டி அனுப்பி வைப்பார்கள். மாமா அதைத் தன் பேச்சுச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அந்த வருஷம் வைகாசியில் செட்டிகுளத்துப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனார்கள். ஜாதகமெல்லாம் முன்பே பார்த்து, பிரமாதமாகப் பொருந்தியிருக்கிறது என்று அவர்களே சொல்லி அனுப்பிய இடம். போன இடத்தில் மாமா பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து பேச ஆரம்பித்தாராம். அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, நெல் குதிரில் முதுகு முட்டிய பிறகு நகர இடமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அப்பா வந்து சொன்னது இது. நாலு நாள் கழித்து ஆள் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! பார்த்த ஜோசியன் அவங்க ஊர் ஜோசியன்தானே என்று அன்றைக்குப் பூராவும் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமா காரணங்களை அலசினார். நமக்கு நிலம் குறைச்சல் என்று நினைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் யாரோ பொறாமைக்காரன் கலைத்துவிட்டிருப்பான், இல்லாவிட்டால் பெண்ணுக்கே ஏதாவது கோளாறாக இருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு எட்டு வயது. இவ்வளவு சுலபமான விஷயத்துக்குப் பெரியவர்கள் ஏன் இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

“ஜாதகமெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. உங்க வாய் நாறுது. அதான் வேணாம்னுட்டாங்க” என்றேன்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எப்போதும் இந்த மாதிரிப் பேச்சுக்கு என் முதுகில் ஒன்று விழும். அன்றைக்கு யாரும் என்னை அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. அதிலேயே மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சோற்றில் கையை வைத்தபடி அக்காவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டார்.

மறுநாள் காலையில் அடுக்களை வாசலில் வந்து நின்றார். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

“ஏன்க்கா, இத்தனை நாளா நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“எப்படிடா சொல்லுவேன்? தாய் இல்லாத புள்ளைய எந்த வாயால சொல்லுவேன்?” என்று அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு உடனே எழுந்துவிட்டாள். “இனிமே அழுது என்ன ஆவப்போவுது. இன்னொரு எடத்துலயும் இப்படி ஆச்சுன்னா சுத்துப்பட்டு ஊருல ஒருத்தனும் பொண்ணு தரமாட்டான். நான் சொல்றதைக் கேக்குறியா?”

மாமா தலையை ஆட்டினார். அது வைகாசிக் கடைசி. ஆனியில் எங்கும் வரன் அமையவில்லை. ஆடியில் யாரும் நல்ல காரியம் பேசமாட்டார்கள். அம்மாவுக்கு வேண்டியிருந்த அவகாசம் அப்படியே கிடைத்தது.

மாமா வைத்தியத்தில் இறங்கிய விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளுக்கு ஓர் எண்ணெயோடு வந்தார்கள். ஒருத்தர் வேப்பெண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைக்கச் சொன்னார். மாமா வைத்தார், அன்று முழுவதும் எது சாப்பிட்டாலும் கசக்கிறது என்று அம்மாவின் சமையலைக் குறை சொன்னார். இன்னொருத்தர் புங்கெண்ணெய் என்றார். என் பெரியப்பா ஒருவர் வந்தார் பாருங்கள், கையில் ஒரு தேங்காய் மூடியோடு! முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து இறக்கிய எண்ணெய். பல்லில் இருக்கிற பூச்சியெல்லாம் சுருண்டு விழும் என்றார். பூச்சி என்ன, வாயே சுருண்டு விழுந்திருக்கும். கொட்டை உடைக்கிற பெண்கள் அந்த எண்ணெய் பட்டுக் கையெல்லாம் கொப்பளித்து, சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்த்தவள்.

“கால் வெடிப்புக்குத் தடவுறதை என் தம்பி வாயில ஊத்தச் சொல்றீங்களா? நீங்க மொதல்ல ஒரு சொட்டு நாக்குல வெச்சுக் காட்டுங்க” என்று அம்மா கேட்டாள். பெரியப்பா மூடியை எடுத்துக்கொண்டு போனவர் தீபாவளிவரைக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அம்மா முடிவு பண்ணியது நல்லெண்ணெய். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி எண்ணெயை வாயில் விட்டுக்கொள்ள வேண்டும். பல்லிடுக்கெல்லாம் போய் வருகிற மாதிரி இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கனமாக இருக்கிற எண்ணெய் போகப் போக நீர்த்து, நுரைத்து, மோர் மாதிரி வெளுத்துப்போகும். அப்போது வேலி ஓரமாகத் துப்பிவிட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். செங்கல் பொடியைத் தொடக்கூடாது, வேப்பங்குச்சிதான். வெற்றிலை கூடவே கூடாது. ராத்திரியில் அரியலூர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்த கிராம்புத் தைலத்தைத் துளிப் பஞ்சில் தொட்டு அந்தக் கறுத்த பல்லின் குழிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்ததும் மாமா ஒரு குதி குதிப்பார், கண்ணில் தண்ணீர் வரும், பிறகு வலி இருந்த இடம் தெரியாமல் தூங்கிவிடுவார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக அம்மா ஒன்றைச் சொன்னாள். “வெளுத்துப்போன எண்ணெய் எண்ணெயில்ல, அம்புட்டும் வாயில இருந்த வெஷம். ஒரு சொட்டு உள்ள போச்சு, அவ்வளவுதான். மறந்தும் முழுங்கிடாதே.”

பிற்காலத்தில் திருச்சியில் ஒரு பல் டாக்டரிடம் இதைச் சொன்னேன். சின்னப் பெண். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். விஷம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றாள். பல்லிலும் ஈறிலும் அவை பசைபோல ஒட்டிக்கொண்டு பல்லை அரிக்குமாம், ஈறைப் புண்ணாக்குமாம். எண்ணெயை அலசினால் அதில் கொஞ்சம் கழன்று வந்துவிடுமாம். கிராம்புத் தைலத்தில் கிருமியைக் கொல்கிற சத்தும் இருக்கிறது, வலியை மரக்கச் செய்கிற சத்தும் இருக்கிறது என்றாள். ஆனால் குழி விழுந்த பல்லை எந்த எண்ணெயும் அடைக்காது, அதற்கு நாங்கள்தான் வேண்டும் என்று சொல்லி என் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டாள். எங்கள் அம்மாவுக்குக் கிருமி தெரியாது, விஷம்தான் தெரியும். வேலை என்னவோ நடந்தது.

மாமா எண்ணெயும் வாயுமாக உட்கார்ந்திருக்கிற அந்தக் காலை நேரம் இருக்கிறதே, அதைப்போல் ஒரு வேடிக்கை எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. பேசாத மாமாவை யார் பார்த்தார்கள்? அப்பாவுக்கு அது பண்டிகை மாதிரி. தறிகெட்டுப் போன வரப்புத் தகராறிலிருந்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்காததுவரை, வருஷக் கணக்காக நெஞ்சுக்குள் வைத்திருந்ததையெல்லாம் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுவார். மாமாவுக்குக் கண் மட்டும் உருளும். பதில் சொல்ல வாயைத் திறக்கப் போவார், எண்ணெய் வழியும், அம்மா உள்ளேயிருந்து அதட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் இதைத் தெரிந்துகொண்டு, ஏதாவது புகார் இருந்தால் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

வந்தவர்களுக்கு மாமா சார்பாகப் பதில் சொல்லுகிற வேலை எனக்கு. ஒரு ‘ம்’ என்றால் சரி, இழுத்த ‘ம்ம்ம்’ என்றால் அப்புறம் வா, புருவம் ஏறினால் உனக்கு வேறு வேலை இல்லையா என்று அர்த்தம். எல்லாம் எனக்கு அத்துப்படி. நானும் ஒரு நாள் சமயம் பார்த்து, அரியலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ரயில் காட்டுவீர்களா என்று கேட்டு, அவர் தலையை ஆட்டும்வரை விடவில்லை.

ஆடி முடிவதற்குள் மாமாவின் ஈறு வற்றி, நல்ல ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. கொய்யாப் பழத்தில் ரத்தம் ஒட்டவில்லை. அம்மா தினமும் அவரை ‘ஹா’ என்று ஊதச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு நாள் அப்பாவே மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஆனாலும் மாமாவுக்குப் பயம் விடவில்லை. ஒரு நாள் எண்ணெய் தவறினாலும் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினார். பேசும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும்.

ஆவணியில் தா.பழூர்ப் பக்கம் ஒரு வரன் வந்தது. நெல் விளைகிற பூமி, நல்ல குடும்பம். அப்பா, அம்மா, மாமா என்று மூன்று பேராய்ப் போனால் காரியம் ஆகாது என்பதற்காக நாலாவது ஆளாக என்னையும் வண்டியில் ஏற்றினார்கள். அப்பாதான் வண்டி ஓட்டினார். கோழி கூவும்போது கிளம்பியதால் எண்ணெய் அலச நேரமில்லை. அதற்கு அம்மா ஒரு யோசனை வைத்திருந்தாள். மாமா வெறும் வயிற்றோடு வரவேண்டியது. ஊர் நெருங்குவதற்கு முன்னால் வண்டியிலேயே எண்ணெயை வாயில் விட்டுக்கொள்ள வேண்டியது. ஊர் எல்லையில் ஒரு வாய்க்கால் இருக்கிறது, அங்கே இறங்கித் துப்பி, வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, புதுத் துண்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையாக நுழைய வேண்டியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

செம்மண் மறைந்து இரண்டு பக்கமும் பச்சை வயல் வந்தது. அம்மா சீசாவைத் திறந்தாள். மாமா ஒரு வாய் எண்ணெயை வாங்கிக்கொண்டு அலச ஆரம்பித்தார். எண்ணெய் வெளுத்து வருகிற நேரம், வாய்க்கால் கண்ணில் பட்டது. வாய்க்கால் கரையில் ஆலமரத்தடியில் வெள்ளையும் சள்ளையுமாக ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா மரியாதை தெரிந்த மனிதர். வருகிறவர்களை எல்லையிலேயே எதிர்கொண்டு அழைக்க வேண்டும் என்று பங்காளிகளோடு வந்து நிற்கிறார்! வண்டியைக் கண்டதும் இரண்டு பக்கமும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பின்னால் பொடிப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். துப்புவதற்கு எங்கே இடம்? நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில், எதிர்கொண்டு அழைக்க வந்த பெரியவர் முன்னால் த்தூ என்று துப்பினால் அத்தோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான். முழுங்கலாம் என்றால் அது விஷம். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா ‘முழுங்காதே’ என்று கண்ணாலேயே சொன்னாள். மாமா இரண்டு கன்னமும் உப்ப, கையைக் கூப்பிக்கொண்டு இறங்கினார்.

“வாங்க, வாங்க. வண்டிப் பயணம் சௌகரியந்தானுங்களா?” என்று பெண்ணின் அப்பா மாமாவைத்தான் கேட்டார். மாமா தலையை ஆட்டினார்.

“வழியெல்லாம் ஒரே சேறா இருந்திருக்குமே?” மாமா மறுபடியும் ஆட்டினார்.

“எங்க மச்சான் கொஞ்சம் பேச்சுக் கம்மிங்க” என்றார் அப்பா. பொய்யே சொல்லாத எங்கள் அப்பா! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், இரண்டு நாள் கன்றியிருந்தது.

வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். கால் கழுவத் தண்ணீர்கூட வாசலிலேயே பெண்ணின் தம்பி ஊற்றிவிட்டதால் அங்கேயும் மாமாவுக்குத் தனியே ஒதுங்க வழியில்லை. பெண்ணின் அப்பா முந்திரி வியாபாரம் பற்றிக் கேட்டார். ஐயோ, மாமாவுக்கு உயிரான பேச்சு! இந்த வருஷம் விளைச்சல் எப்படி, சண்டையால் கப்பல் போகாமல் விலை விழுந்துவிட்டதாமே என்று கேட்கக் கேட்க மாமாவின் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. கண்ணும் புருவமும் எனக்குச் சைகை காட்டின. நானும் வழக்கம்போல வாயைத் திறந்துவிட்டேன்.

“வெலை போன வருசத்தை விடக் கம்மிதானாம். ஆனா பொங்கல் கழிச்சு ஏறுமாம்.”

கதவோரம் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் பெரியம்மா. வந்ததிலிருந்து மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

“ஏங்க, கேக்குறதுக்கெல்லாம் சின்னக்குட்டியே பதில் சொல்லுதே. மாப்புள்ளைக்குப் பேச்சு வருமா, வராதா?”

“அதெல்லாம் நல்லா வரும்ங்க” என்றாள் அம்மா. குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

“வருமுன்னா ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. எம் பொண்ணு ஊமைக்கா வாக்கப்படணும்? ஒரே ஒரு வார்த்தை.”

வாய் நாறுகிறது என்று போன தடவை போயிற்று. இந்தத் தடவை ஊமை என்று போகப் போகிறது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். விஷமானாலும் பரவாயில்லை, முழுங்கிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டாராம். பின்னால் அவரே சொன்னார்.

அந்த நேரத்தில்தான் பெண் காப்பித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். குனிந்த தலை நிமிராமல் வந்தவள், மாமாவுக்கு முன்னால் டம்ளரை வைக்கும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். மீசை ஓரத்தில் மினுங்கிய எண்ணெயைப் பார்த்தாள். அவளுடைய உதடு ஒரு மாதிரி துடித்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் குனிந்து காதில் சொன்னாள்.

“பாப்பா, உங்க மாமாவைக் கொல்லைப் பக்கம் அழைச்சுட்டுப் போ. கெணத்துக்கிட்ட வாழைமரம் இருக்கு. செம்புல தண்ணி இருக்கு, கொட்டாங்குச்சில உப்பு இருக்கு. யாராச்சும் கேட்டா, கன்னுக்குட்டி பாக்கணும்னு நீ அடம் புடிக்கிறேன்னு சொல்லு.”

அவள் பேசும்போது கமகமவென்று கிராம்பு வாசனை அடித்தது. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அடம் பிடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? கூடத்துக்கு ஓடிவந்து, கன்றுக்குட்டி பார்த்தே ஆகவேண்டும், மாமாதான் கூட வரவேண்டும் என்று தரையில் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். அம்மாவே நிஜம் என்று நம்பிவிட்டாள். மாமா பாய்ந்து எழுந்து என்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

சொன்னபடியே எல்லாம் இருந்தது. வாழைமரத்தடியில் ஏற்கெனவே ஏதோ வெள்ளையாகக் கொட்டிக் காய்ந்து திட்டாக இருந்தது. பாலைச் சிந்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமா அதன் மேலேயே துப்பினார். உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தார். முகத்தைக் கழுவினார். பிறகு என் முகத்துக்கு நேராகக் குனிந்து, பயந்துகொண்டே ‘ஹா’ என்றார்.

“ஒண்ணும் நாறல மாமா. சத்தியமா” என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து மாமா கையைக் கூப்பினார். “அம்மா, உங்க வூட்டுக் கெணத்துத் தண்ணி நல்லா இனிப்பா இருக்குங்க” என்றார், அந்தப் பெரியம்மாவைப் பார்த்து. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷர் அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தவர் அல்லவா? கிணற்றிலிருந்து ஆரம்பித்து, முந்திரி விலைக்கு வந்து, கப்பலில் ஏறி, ஜப்பான்வரைக்கும் போய்விட்டார். அப்பா காலை மிதித்தும் நிற்கவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

பெண்ணின் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். “பேச்சு வராதோன்னு பயந்துட்டேன். இப்போ நிக்குமான்னு பயமா இருக்கு” என்றார். அவர் மாமாவுக்குப் பக்கத்தில் ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அம்மா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கதவுக்குப் பின்னால் பெண்ணும் சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று அம்மா திரும்பும் வழியெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள்.

அன்றைக்கே தட்டு மாற்றித் தேதி குறித்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்த பிறகு, ரயில் காட்டுவதாக எண்ணெய் வாயோடு தலையாட்டினதெல்லாம் வாக்குக் கொடுத்த மாதிரி ஆகாது என்று மாமா வழக்காடிப் பார்த்தார். அத்தைதான் எனக்காகப் பேசி, மூன்று பேருமாக அரியலூர் போய் ரயில் பார்த்தோம். வரும்போது நாட்டு மருந்துக் கடையில் மாமா ஒரு சீசா கிராம்புத் தைலம் கேட்டார். அத்தை மெதுவாக, ரெண்டாகக் கேளுங்க என்றாள்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தபோது அத்தையே ஒரு நாள் சொன்னாள். அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே ஈறு கோளாறாம், பல்லில் சொத்தையாம். மாமாவுக்கு முன்னால் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிப் போய்விட்டார்களாம். ஜாதகம் என்றதும் நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். தினமும் விடியற்காலையில் அந்த வாழைமரத்தடியில்தான் அவளும் எண்ணெய் துப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கும் பல்லுக்குள் கிராம்புத் தைலப் பஞ்சை வைத்துக்கொண்டுதான் காப்பி கொண்டுவந்தாளாம்.

“உங்க மாமா கன்னத்தைப் பார்த்ததும் மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துடுச்சு. நம்மள மாதிரியே பயந்துகிட்டு ஒரு ஆளு வந்து உக்காந்திருக்காரேன்னு” என்றாள்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கு எங்கே புரிந்தது? காதோரம் கிராம்பு மணத்ததும், காப்பியில்தான் விசேஷமாக ஏதோ போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கொல்லையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக என் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தேன். வெறும் காப்பி. பெரியவர்களுக்கு மட்டும் கிராம்பு போட்டுக் கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டார்கள், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று உடையார்பாளையம் வரும்வரைக்கும் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.